டேங்கில் ஊறும் கிணறு

தொண்டூர் அனந்தமதியின் வீட்டுக் கிணறு சித்திரை மாசத்தில் ஆதிமூலத்தின் ஷேர் ஆட்டோ பெட்ரோல் டேங்குக்குக் குடிபோனது. மல்லாட்டை என்கிற நிலக்கடலை மூட்டை விலை கொஞ்சம் இறங்கியதும் அதே வாரம்தான்.

பெட்ரோலில் கலக்கும் எத்தனாலுக்குக் கரும்பு வேண்டுமென்று ஆலைக்காரர்கள் ஊர் ஊராக வந்தபோது, அவள் புருஷன் பத்மகுமார் மல்லாட்டையை விட்டுவிட்டுக் கரும்பு நட்டார். அவளும் வேண்டாமென்று சொல்லவில்லை. சும்மா சொல்லக் கூடாது, முதல் வருஷம் நன்றாகத்தான் விளைந்தது. கரன்ட் இருந்த நேரமெல்லாம் மோட்டார் ஓடியது. கரும்பு குடித்தது, கிணறு இறங்கியது. இரண்டு பேரும் எட்டிப் பார்த்துவிட்டு அவரவர் வேலையைப் பார்த்தார்கள்.

அவர்கள் ஜைனர்கள். தண்ணீரைத் துணியில் வடிகட்டி, துணியில் தங்கிய சிற்றுயிர்களை மொண்ட கிணற்றிலேயே திரும்ப விட்ட பிறகுதான் குடிப்பார்கள். அந்தச் சித்திரையில் ஒருநாள் காலை கடைசி வாளியை வடிகட்டிவிட்டு உயிர்களை விடப் போனால், கிணற்றில் சேறுகூட இல்லை. அவற்றைச் சொம்பில் வைத்துக்கொண்டு அனந்தமதி வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். பொழுது சாய்ந்த பிறகு ஜைனர்கள் எதையும் குடிப்பதில்லை; அதற்குள் உயிர்களை விடாவிட்டால் அன்றைக்குத் தண்ணீரே கிடையாது.

“வேற கிணத்துல உட்டுட்டு வாயேன்,” என்றார் பத்மகுமார்.

“அது அதுங்க வூடு இல்லியே,” என்றாள். கோபப்படக்கூட அவளுக்குத் தெம்பில்லை.

வெயில் தாழும்போது ஆதிமூலத்தின் ஆட்டோ இருமிக்கொண்டே வந்து அவள் வாசலில் நின்றது. அவன் டேங்குக் குழாயைப் பிடுங்கினான், தண்ணீராகக் கொட்டியது. வேப்பவேர் வாசனை. கையில் ஏந்திக் குடித்துப் பார்த்தான்.

“எங்கம்மா உங்க கொல்லியில களை எடுக்கசொல்ல இதைக் குடிச்சித்தான் வளந்தேன். உங்க கிணறும்மா இது.”

அனந்தமதி எப்படி என்றெல்லாம் கேட்கவில்லை. அவன் குழாயை மாட்டியதும் டேங்க் மூடியைத் திறந்து சொம்பைக் கவிழ்த்தாள். உள்ளே ஒரு தவளை கத்தியது. வண்டி அந்தத் தண்ணீரிலேயே கிளம்பிவிட்டது. அப்புறம்தான் வீட்டுக்குள் போய்க் காலையில் வடிகட்டிய தண்ணீரைக் குடித்தாள். குடிக்கும்போது அழுகை வந்துவிட்டது.

அதிலிருந்து ஆட்டோ தினமும் காலையில் அங்கே நிற்கிறது. நூல் கட்டிய கிண்ணியை டேங்குக்குள் விட்டு மொண்டு, வடிகட்டி, உயிர்களைத் திரும்ப விட்டு, அங்கேயே குடிக்கிறாள். செஞ்சிக்குப் போகிறவர்கள் போனைப் பார்த்தபடி காத்திருக்கிறார்கள். ஒருநாள் தாகத்தில் ஒரு கிண்ணி கூடக் குடித்துவிட்டாள். செஞ்சிக் கோட்டை கண்ணுக்குத் தெரிகிற தூரத்திலேயே தண்ணீர் தீர்ந்து வண்டி நின்றுபோனது. பத்மகுமார் போர் போட்டு மறுபடியும் கரும்புதான் நட்டிருக்கிறார். அந்த ஆட்டோவில் மட்டும் ஏறுவதில்லை.

இப்போதெல்லாம் அனந்தமதி கிண்ணியை இறக்குமுன் வண்டிக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்று பார்த்துக்கொள்கிறாள். ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் இருந்தால், அன்றைக்கு நாக்கை மட்டும் நனைத்துக்கொண்டு மூடியைப் போட்டுவிடுகிறாள்.