இருக்கைக்கு அடியில் இருந்தது

எங்கள் டாக்சி ஸ்டாண்டில் ஆறு வண்டிகள். வருடாந்திரச் சோதனையில் தீயணைப்பு சிலிண்டரின் முள் பச்சையில் நிற்க வேண்டும், சீல் உடையாமல் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வண்டியைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதனால் நாங்கள் சிலிண்டரை நெருப்புக்காக வாங்குவதில்லை, அதிகாரிக்காக வாங்குகிறோம்.

எங்களில் சிரிப்பு அண்ணன் மட்டும் வேறு மாதிரி. போன மாதம் வழியில் யாருடைய வண்டியோ பற்றிக்கொண்டதென்று தன் சிலிண்டரை அடித்துத் தீர்த்துவிட்டு வந்தார். ஊர் நெருப்புக்கெல்லாம் நீங்கள்தான் பொறுப்பா என்று கிண்டலடித்தேன். அவரும் சேர்ந்து சிரித்தார். வேறு வாங்க அவருக்கு இன்னும் தோதுப்படவில்லை.

அன்று மாலை நான்கு மணிக்கு என் வண்டிக்குச் சோதனை. புது சிலிண்டர். இருக்கைக்கு முன்னாலுள்ள கிளிப்பில் மாட்டினால் ஏறி இறங்குபவர் கால் பட்டு சீல் அறுந்துவிடுமோ என்று, துணியில் சுற்றி அடியில் தள்ளி வைத்திருந்தேன். பெற்ற பிள்ளையைக்கூட நான் அப்படிப் பொத்தி வைத்ததில்லை.

பதினொரு மணிக்கு அண்ணன் வண்டியின் பானெட்டிலிருந்து புகை கிளம்பியது. அவர் நேராக என்னிடம்தான் ஓடிவந்தார்.

“தம்பி, உங்கிட்ட சிலிண்டர் இருக்கா?”

“வீட்டுல வச்சிட்டு வந்துட்டேண்ணே.”

யோசித்துச் சொன்ன பொய் இல்லை, வாய் முந்திக்கொண்டது. ஆனால் சொன்ன பிறகு யோசிக்க நேரம் இருந்தது. அப்போதும் நான் என் வண்டிப் பக்கம் போகவில்லை. அதை நினைத்தால்தான் இன்றும் உடம்பு கூசுகிறது. மற்றவர்களோடு சேர்ந்து மண்ணை அள்ளி வீசினேன், எல்லாரையும்விடச் சத்தமாகக் கத்தினேன். தீயணைப்பு வண்டி வருவதற்குள் முன்பாதி கருகிப்போயிற்று. பத்து வருடம் அவர் வீட்டில் அடுப்பெரிய வைத்த வண்டி.

மூன்று மணிக்கு அவரை வீட்டில் விட்டுவிட்டுச் சோதனைக்குப் போகிறேன் என்று நானே வலியப் போய்ச் சொன்னேன். குற்றமுள்ள நெஞ்சுக்குத்தான் இந்த உபசாரமெல்லாம் வரும். முன் இருக்கையில் உட்கார்ந்து என் கையையே பார்த்துக்கொண்டு வந்தார்.

“உனக்குக் கை சுட்டுடுச்சா தம்பி? நீதான் ரொம்ப கிட்டப் போயிட்ட.”

பதில் சொல்ல வாயெடுத்தேன். முன்னால் போன லாரி நின்றது. நானும் பிரேக்கை அழுத்தினேன். சிலிண்டர் துணியை விட்டு உருண்டு வந்து அவர் காலில் இடித்தது.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவன் கதைதான். அவர் குனிந்து அதை எடுத்தார். முள்ளைப் பார்த்தார். பச்சை. சீலை விரலால் தடவிப் பார்த்தார். லாரி போய்விட்டது, பின்னாலிருந்து ஹாரன் அடித்தார்கள். எனக்குக் கால் எழவில்லை. ஓங்கி ஓர் அறை விட்டிருந்தால் பிழைத்திருப்பேன்.

அவர் அதைக் கிளிப்பில் பொருத்தி, பட்டையை இழுத்து மாட்டினார்.

“சும்மா போட்டு வைக்காத. பெடலுக்கு அடியில உருண்டுச்சுன்னா பிரேக் புடிக்க முடியாது.”

அவ்வளவுதான். வீடு வரும்வரை வெளியே பார்த்துக்கொண்டே வந்தார்.

நான்கு மணிக்கு அதிகாரி கதவைத் திறந்து பட்டையை இழுத்துப் பார்த்தார். இவ்வளவு ஒழுங்காகச் சிலிண்டர் மாட்டிய வண்டியை இன்றுதான் பார்க்கிறேன் என்றார். அதை மாட்டியது நானில்லை என்று சொல்லியிருக்கலாம். காலையில் அவ்வளவு வேகமாக முந்திக்கொண்ட வாய், அப்போது திறக்கவே இல்லை.