இரண்டு வீட்டு மாவு

வியாழக்கிழமை காலையில் செனெபெச் பீப்பாயின் மூடியைத் திறந்தாள். மாவு பொங்கவில்லை. நுரையும் இல்லை, குமிழியும் இல்லை. குனிந்து முகர்ந்தாலும் பச்சை மாவு வாசனைதான் வந்தது.

மறுநாள் மதியத்துக்குள் நர்சிங் கல்லூரி உணவுக்கூடத்துக்கு, புளித்த மாவில் பெரிய தோசை போலச் சுடும் இஞ்செரா போயாக வேண்டும். அங்கே பிடித்துப்போனால் தினமும் கொடுக்கும் வேலை அவளுக்கு. இல்லையென்றால் தெருமுனையில் கூடையை வைத்துக்கொண்டு, வருகிறவர் போகிறவர் முகத்தைப் பார்க்கும் பழைய பிழைப்புதான். அவளை நம்பி மின்சாரச் சுடுகல்லின் முன் நிற்கும் லெம்லெமும் வேறு வேலை தேட வேண்டியிருக்கும்.

தப்பு அவளுடையதே. உணவுக்கூடப் பொறுப்பாளர் வந்து சமையலறையைப் பார்ப்பார் என்று சொல்லியிருந்தார்கள். அந்தப் பதற்றத்தில் பீப்பாய்க்குள் பிளீச்சிங் பவுடரைக் கொட்டி, கை எரிய எரியத் தேய்த்துக் கழுவிவிட்டாள். அந்தத் தெருவில் எந்தப் பெண்ணும் மாவுப் பீப்பாய்க்குச் சோப்புகூடக் காட்டமாட்டாள். போதாததற்கு, புளித்த மாவின் மேல் தெளிந்து நிற்கும் எர்ஷோவையும், அந்த மஞ்சள் நீரைப் பார்த்து வருகிறவர் மூக்கைச் சுளிப்பாரோ என்று சாக்கடையில் ஊற்றிவிட்டாள். அடுத்த மாவுக்கு உயிர் அதில்தான் இருக்கிறது. பொறுப்பாளரோ அன்றைக்கு வரவே இல்லை.

"ஈஸ்ட் வாங்கிப் போட்டுடலாமாக்கா?" என்றாள் லெம்லெம்.

"போடலாம். சுட்ட சூட்டுல நல்லாத்தான் இருக்கும். நேரம் ஆக ஆகச் செருப்புத் தோலாட்டம் விறைச்சுக்கும். அந்தப் புள்ளைங்க அதைத் தின்னுட்டு ராத்திரி முழுக்க நோயாளியைப் பாக்கணும். வேண்டாம்."

செனெபெச் சிலுவை போட்டுக்கொண்டாள். வெள்ளைச் சால்வையைத் தலையில் இழுத்துவிட்டு வெளியே வந்தாள். எங்கே போகவேண்டும் என்று அவளுக்குத் தெரியும். அங்கே போகத்தான் கால் கூசியது.

நான்கு வீடு தள்ளி வுபித் இருந்தாள். அவளும் இஞ்செரா சுட்டு விற்கிறவள், வயதில் சின்னவள். போன வருஷம் செனெபெச் போட்டுக்கொண்டிருந்த இரண்டு கடைகளை அவள் பிடித்துக்கொண்டாள். அன்றிலிருந்து மாதா கோயில் வாசலில் எதிர்ப்பட்டால் முகம் பார்க்காமல் குனிந்து செருப்பைத் தேடும் வேலை இருவருக்கும் வந்துவிடும்.

"அடடா, செனெபெச் அக்கா! வழி தவறி வந்துட்டீங்களா, இல்ல என் கல்லு எவ்வளவு பெருசுன்னு அளந்து பாக்க வந்தீங்களா?"

"அளக்க வரலம்மா. என் பீப்பா செத்துப்போச்சு."

வுபித்தின் சிரிப்பு நின்றது. "எப்படி?"

செனெபெச் ஒன்றையும் மறைக்கவில்லை. பிளீச்சிங் பவுடர் என்றதும் வுபித் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"அய்யோ அக்கா! பீப்பாயா அது, கக்கூஸா?"

"திட்டு, நல்லாத் திட்டு. திட்டிட்டுக் கொஞ்சம் எர்ஷோ குடு."

"எர்ஷோ குடுத்தாலும் நாளைக்கு எப்படிக்கா புளிக்கும்? மூணு நாள் ஆகுமே."

"தெரியும். இந்த வாரம் போனாப் போகுது. அடுத்த வாரமாவது என் பீப்பா பொங்கணும். நாளைக்குக் கல்லூரிக்குப் போய், மாவு வரல, இன்னொரு நாள் குடுங்கன்னு கேக்கப்போறேன். குடுத்தாலும் சரி, துரத்தினாலும் சரி."

வுபித் உள்ளே போனாள். ஒரு போத்தல் எர்ஷோவோடு திரும்பி வந்தவள், மூலையில் இருந்த தன் பீப்பாயின் மூடியையும் திறந்தாள். மாவு விளிம்பு வரை பொங்கி, மெல்ல மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது.

"இதுல பாதியை எடுத்துக்கோங்க. எனக்கு இன்னொரு பீப்பா நாளான்னைக்குத் தயாராயிடும்."

"உன் கடைக்காரங்க?"

"கரண்ட் போச்சுன்னு சொல்லிக்கறேன். அடிஸ் அபாபாவுல அதை நம்பாதவன் யாரு?"

"எனக்காக நீ பொய் சொல்லக் கூடாது. நானே போய்ச் சொல்றேன், என்னாலதான் குறையுதுன்னு."

"என் கடைக்கு நீங்களா!" என்று வுபித் கண்ணை உருட்டினாள். பிறகு இருவருமே சிரித்துவிட்டார்கள்.

கனமான வாளியை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிப் போகும்போது வுபித் சொல்லிக்கொண்டே வந்தாள். "சுத்தம் பாக்க வர்றவங்க பாக்குறது வேறக்கா. மாவுக்கு மூடி இருக்கா, தலையில துணி கட்டியிருக்கியா, தண்ணி தேங்குதா, இவ்வளவுதான். எர்ஷோவைப் பாத்தா, இது இல்லாம இஞ்செராவே இல்லன்னு தைரியமாச் சொல்லுங்க. நாமளே நம்ம பொருளுக்கு வெக்கப்பட்டா வாங்குறவன் என்ன பண்ணுவான்?"

சாயங்காலம் அந்த இரண்டு கடைகளுக்கும் செனெபெச் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். ஒரு கடைக்காரர் முணுமுணுத்தார். இன்னொருவர் அவளை விநோதமாகப் பார்த்துவிட்டு ஒரு வாழைப்பழம் கொடுத்தார்.

விடியலில் அவளும் லெம்லெமும் கல்லைச் சூடேற்றினார்கள். மாவைச் சுற்றி ஊற்ற ஊற்ற அதன் முகமெங்கும் சிறு துளைகள் கண்களாகத் திறந்தன.

உணவுக்கூடப் பொறுப்பாளர் முலுனெஷ் ஒரு இஞ்செராவை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். கிழித்து வாயில் போட்டு மென்றார்.

"நல்லாருக்கு. ஆனா முன்னாடி நீ சாம்பிளுக்குக் கொண்டுவந்தது இன்னும் கொஞ்சம் புளிப்பா இருந்துச்சே. இது உன் மாவா?"

தலையை ஆட்டிவிட்டால் போதும். வாளியின் மறுபக்கத்தைப் பிடித்து வந்த வுபித்தின் கை செனெபெச்சின் கண் முன்னால் நின்றது.

"சுட்டது நான். மாவு எங்க தெரு வுபித்தோடது. என் மாவை நானே கெடுத்துட்டேன்மா." நடந்ததையெல்லாம் சொன்னாள்.

முலுனெஷ் மெல்லுவதை நிறுத்தினார். "தைரியந்தான் உனக்கு. ஆனா மாவு ஒருத்தி, சுடுறது ஒருத்தின்னா ரெண்டு பேர்கிட்ட நான் மல்லுக்கட்ட முடியாது. திட்டுறதுக்கு எனக்கு ஒரு ஆள்தான் வேணும்."

"என்னைத் திட்டுங்க. ஆனா மாவு ரெண்டு வீட்டுலேருந்தும் வரும், காசும் ரெண்டு வீட்டுக்கும் போகும். ஒரு பீப்பா படுத்தாலும் இன்னொண்ணு பொங்கும்மா. எங்க தெருவுல கரண்ட் போனா, அவ தங்கச்சி வீடு அடுத்த தெருவுல இருக்கு, அங்க சுட்டுக்குவோம். உங்க புள்ளைங்க ஒருநாளும் பட்டினி கிடக்க மாட்டாங்க."

முலுனெஷ் கூடையிலிருந்த மற்ற இஞ்செராக்களையும் புரட்டிப் பார்த்தார். "இதுக்கு முன்னாடி போட்டவ ஒருநாள் சொல்லாம கொள்ளாம நின்னுட்டா. அன்னைக்குப் புள்ளைங்க வெறும் டீயைக் குடிச்சுட்டு வார்டுக்குப் போச்சுங்க. என் கவலை பூரா அதுதான்." கையிலிருந்த மீதித் துண்டையும் வாயில் போட்டுக்கொண்டார். "திங்கள்கிழமை அந்தப் பொண்ணையும் கூட்டிட்டு வா. ரெண்டு சமையலறையையும் பாக்கணும்."

"வாங்கம்மா. எர்ஷோவை மறைக்க மாட்டோம்."

நல்ல மனசு எந்த வீட்டுக்குள் இருக்கிறது என்று கடவுளுக்குத் தெரியும். நமக்குக் கதவைத் தட்டிப் பார்த்தால்தான் தெரிகிறது. காலிக் கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு தெருவுக்குத் திரும்பிய செனெபெச் தன் வீட்டைத் தாண்டி நடந்தாள்.

"வுபித்! சால்வையைப் போட்டுட்டு வெளிய வா. திங்கக்கிழமைக்குள்ள உன் சாக்கடையைச் சரிபண்ணணும், தண்ணி தேங்கி நிக்குது!"