பெண்டிகோ மலிவு

1974. மெல்பர்ன் விலைவாசி கழுத்தை நெரிக்க, எஞ்சினியர் சௌந்தரராஜன் சின்ன ஊர்களின் சம்பளத்தையும் செலவையும் பத்திரிகைப் பட்டியலில் ஒப்பிட்டார். அவற்றில் ஒன்றான பெண்டிகோவில் சம்பளம் குறைவு. ஆனால் குடும்பச் செலவு அதைவிடக் குறைவு! போதாதா? இருந்த வேலையை அன்றைக்கே ராஜினாமா செய்துவிட்டு வந்து, பட்டியலை மனைவி வைதேகியிடம் நீட்டினார்.

அவள் வரிவரியாகப் படித்தாள். முகம் சிவந்தது.

"ஏன்னா, அங்கே மலிவா இருக்கறது ஆட்டுக்கறி, மாட்டுக்கறி, பீர், சிகரெட். இதுல எதை நாம தொடறோம்?"

அவர் பட்டியலைப் பிடுங்கிப் பார்த்தார். வாடகையில் மிச்சம் ஒரே ஒரு டாலர். பருப்பு, புளி வாங்க மெல்பர்னுக்கே ரயிலேறி வர வேண்டும்.

"ராஜினாமாவை வாபஸ் வாங்குங்கோ."

"நான் கிளம்பறதுக்குள்ளேயே முதலாளி என் இடத்துக்கு வேற ஆளைப் போட்டுட்டான்."

வைதேகி பட்டியலை மடித்து அவர் சட்டைப்பையில் செருகினாள்.

"அப்போ பீர் குடிக்கக் கத்துக்கோங்கோ."