தலையணையில் இரண்டு மூச்சு

இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. ஜேர்மனியில் ஹம் நகரத்து அம்மன் கோயிலில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் பண்ணச் சொன்னாலும் பண்ணலாம்.

தபோதரன் ஈரப்பஞ்சால் தகப்பன் ஆனந்தராசாவின் உதட்டைத் தொட்டான். தொட்ட வேகத்திலேயே கையை இழுத்துக்கொண்டான். கம்பித் தொழிற்சாலையில் இரும்பைக் கடிக்கிற மெஷினோடு மல்லுக்கட்டுகிறவன்தான். ஆனால் ஊசியைக் கண்டால் விழுந்துவிடுவான். ஆனந்தராசாவின் மூச்சு நிற்பதும், மறந்துவிட்டதை எடுக்க வந்ததுபோலத் திரும்பி வருவதுமாக இருந்தது. வீட்டில் வேறு யாருமில்லை. பராமரிப்புக்காரி பின்னேரம்தான் வருவாள். அவளை அனுப்புகிற இடத்திலும் ஆள் பற்றாக்குறை.

இருந்த ஒரே தைரியம் தங்கை லவினியா. தாதி. அவளோ இங்கிலாந்தில். அந்த நாடு ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டுப் பிரிந்த பிரெக்ஸிட்டுக்குப் பிறகு அவளுடைய ஆஸ்பத்திரி வாட்டிலிருந்த போர்த்துக்கல், ஸ்பெயின் தாதிப் பிள்ளைகள் ஒவ்வொருவராகப் பெட்டி கட்டிவிட்டார்கள். கேரளாவில் தெரிவு செய்த புது ஆட்கள் விசாவுக்குக் காத்திருந்தார்கள். முப்பது கட்டிலுக்கு இவள் ஒருத்தி. லீவு கேட்டால், உன் இடத்துக்கு ஆளைக் காட்டிவிட்டுப் போ என்றார்களாம். காலையிலிருந்து தபோதரன் போன் அடித்தும் அவள் எடுக்கவில்லை.

தலையணையில் கிடந்த போன், மணி அடிக்காமலே பேசியது.

"அண்ணா, பயப்பிடாதேங்கோ. நான் நிக்கிறன்."

"பிள்ளை, மூச்சு நிண்டு நிண்டு வருது. எனக்குக் கை கால் ஓடேல்லை."

"தலையைக் கொஞ்சம் உயர்த்திவிடுங்கோ. கையைப் பிடிச்சிருங்கோ. நானும் இஞ்ச ஒராளின்ரை கையைப் பிடிச்சுக்கொண்டுதான் நிக்கிறன்."

"ஆரது?"

"ஒரு வெள்ளைக்காரக் கிழவர். வெளிநாட்டார் எல்லாரும் போகவேணுமெண்டு வோட்டுப் போட்டவராம். இப்ப என்ரை கையை விடுறாரில்லை."

தபோதரனுக்குச் சிரிப்பு வந்தது, பாதியில் நின்றது. போனுக்குள்ளிருந்தும் ஒரு மூச்சு கேட்டது. இங்கே ஒன்று இழுக்க, அங்கே ஒன்று விட்டது. இரண்டு கிழவர்களும் ஒரே கட்டிலில் படுத்திருப்பதுபோல. பிறகு கேட்டது ஒரு மூச்சு மட்டும்.

எது என்று பார்க்க அவனுக்குத் துணிவில்லை. கண்ணை இறுக்கி மூடினான்.

"லவினியா, ஆரின்ரை மூச்சு நிண்டது?"

"கையை விடாதேங்கோ அண்ணா. சூடு இருக்குமட்டும் விடாதேங்கோ."

அவன் விடவில்லை. பின்னேரம் பராமரிப்புக்காரி வந்தாள். ஜன்னலை அகலத் திறந்தாள், ஆனந்தராசாவின் இமைகளை மூடினாள், பிறகு மகனுடைய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தாள். இரண்டு பேரின் கைகளில் மகனுடையதுதான் அதிகம் குளிர்ந்திருந்தது.

லவினியாவின் வாட்டுக்குள் போன் கொண்டுபோக விடமாட்டார்கள். காலையில் லொக்கருக்குள் வைத்துப் பூட்டியதை, அன்று வேலை முடிந்த பிறகுதான் அவள் வெளியே எடுத்தாள்.