யாகப்பு புதிதான வருடங்கள்

அது எண்பத்தாறா எண்பத்தேழா என்று இப்போது எனக்கு நிச்சயமில்லை. யாரைக் கேட்டாலும் வேறொரு வருடம் சொல்கிறார்கள். யாழ்ப்பாணம் குருநகரில் யாகப்பு என்ற மீனவர் உயிர்ப்பு இரவின் பாஸ்காத் திருப்பலிக்கு ஐம்பது வயதோடு போய், பிறந்த பிள்ளையின் தோலோடு திரும்பி வந்தார். ஞானஸ்நான வாக்குறுதியைப் புதுப்பிக்கும் இடத்தில், பாவத்தை விட்டுவிடுகிறீர்களா என்று சுவாமியார் கேட்டபோது சனம் வழக்கம்போல் வாய்க்குள் முணுமுணுத்தது. யாகப்பு மட்டும் 'விட்டுவிடுகிறேன்' என்பதை முழுமனதோடு சொன்னார். மெழுகுதிரி அணையுமுன் அவருடைய தழும்புகள் மறைந்தன, கயிறு இழுத்துக் காய்த்துப்போன உள்ளங்கை மெத்தென்றானது. கை பொத்துப்போகுமென்று கொஞ்சக்காலம் அவரைக் கடலுக்கு யாரும் கூப்பிடவில்லை. மனைவி மார்கிரட்டை அவருக்குத் தெரிந்திருந்தது. முந்தின மாரியில் தனியே தோணி எடுத்துப் போய்த் திரும்பி வராத மகன் லியோனைத் தெரியவில்லை. சுவரிலிருந்த படத்தைப் பார்த்து, "உவர் ஆர்?" என்று மரியாதையாகக் கேட்டார்.

மார்கிரட் சொன்னாள். அப்போதுதான் சேதி வந்ததுபோல் விழுந்து அழுதார். அடுத்த பாஸ்காவில் மறுபடி புதிதானார், அவள் மறுபடி சொன்னாள். இந்திய இராணுவம் வந்து போனது, மின்சாரம் நின்றது, கோயிலில் மெழுகுதிரியைத் துண்டு துண்டாக வெட்டிக் கொடுத்தார்கள். "வருசா வருசம் புது மாப்பிள்ளை, உனக்கென்னடி குறை?" என்று பக்கத்து வீட்டு யசிந்தா பகிடி பண்ணுவாள். மார்கிரட்டும் சிரிப்பாள். பிறகு ஒரு வருடம் சொல்வதை நிறுத்திவிட்டு, படத்தைப் பெட்டிக்குள் வைத்தாள். அதன்பின் அந்த வீட்டில் லியோன் என்றொருவன் இருந்தது அவளுக்கு மட்டுமே தெரியும். யாகப்பு நிம்மதியாகத் தூங்கினார்.

மார்கிரட் போய் முறையிட்டபோது, பழையது போய்ப் புதியது வருவதுதானே விசுவாசம் என்றார் சுவாமியார்.

"உயிர்த்த ஆண்டவரின்ரை கையிலை ஆணிக்காயம் இருந்ததுதானே சுவாமி. அவருக்கே போகாதது இந்த மனுசனுக்கு எப்பிடிப் போச்சுது?"

அதை உம்முடைய மனுசனிட்டையே கேளும் என்றார் சுவாமியார்.

தொண்ணூற்றைந்தில் கோயிலுக்குப் புறப்படும்போது கேட்டாள்.

"இஞ்சருங்கோ, பாவத்தைத்தானே விடச் சொல்லினம். பெத்த பிள்ளையையும் ஏன் சேர்த்து விடுறியள்?"

"எனக்கெங்கை பிள்ளை?"

"இருந்தவன். லியோன்."

அன்று சனம் அடுத்த கேள்விக்குப் போனபிறகுதான் யாகப்புவின் குரல் கேட்டது. தோல் புதிதாகத்தான் ஆனது. ஆனால் மணிக்கட்டில் பழைய பல்வரிசைத் தழும்பு ஒன்று மட்டும் திரும்பி வந்து பதிந்து கிடந்தது. அதை மீன் கடித்ததென்று முன்னொரு காலம் மார்கிரட்டிடம் சொல்லியிருந்தார்.

"மீனில்லை, லியோன் கடிச்சது" என்றார். "துடுப்பாலை அடிச்சுப்போட்டன். அந்தக் கோவத்திலைதான் தனியப் போனவன்."

கிழமைக்கணக்காக மார்கிரட் அவரோடு கதைக்கவில்லை. பிறகு ஒருநாள் சோறு போட்டுக்கொடுத்து, எங்கே அடித்தீர்கள் என்று கேட்டாள். முதுகில் என்றார். இருவரும் அழுதார்கள். அந்த அழுகையை அவள் அவருக்குக் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

ஐப்பசியில் சண்டை நெருங்கி ஊரே இடம்பெயர்ந்தது. சுவாமியார் நோயாளிகளோடு பின்தங்கினார். யசிந்தா வன்னிக்குப் போனாள். யாகப்புவும் மார்கிரட்டும் சாவகச்சேரியில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் இருந்தார்கள். அவர் சந்தையில் மூட்டை தூக்கினார். புதுத்தோல் என்பதால் தோள் நாளும் உரிந்தது. மார்கிரட் எண்ணெய் பூசிவிட்டாள்.