மணி அடித்தால் யார் வருவார்கள்

“ம்மா, நாம எல்லாரும் வெளிய போயிட்டா வீட்டுக்குப் பயமா இருக்காதா? அப்ப அது யாரைக் கூப்பிடும்?”

மகள் இதைக் கேட்டபோது அவளுக்கு ஐந்து வயது. ஒரு காலில் செருப்பை மாட்டிக்கொண்டு இன்னொன்றைத் தேடிக்கொண்டிருந்தாள். “பக்கத்து வீட்டு மாமாவைக் கூப்பிடும்” என்றேன். எங்கள் மாற்றுச் சாவி அவரிடம்தான் இருந்தது. அவளுக்கு அந்தப் பதில் போதுமானதாக இருந்தது. செருப்பும் கிடைத்துவிட்டது.

இப்போது அவளுக்குப் பன்னிரண்டு. வீட்டில் அவளுக்கு வாலு என்று பெயர். திருட்டு நடந்த பிறகு அப்படிக் கூப்பிட எங்களுக்கு வாய் வரவில்லை.

பட்டப்பகலில் நடந்தது அது. அவள் பள்ளிக்கூடத்தில், என் கணவர் தபால் பிரிக்கும் நிலையத்தில், நான் பல் மருத்துவமனையில். என் சங்கிலி, அவருடைய கேமரா, அவள் காசு சேர்த்த டப்பா மூன்றும் போயின. அலமாரித் துணியெல்லாம் தரையில் கிடந்தது. நான் அழவில்லை. டாக்டர் ஊசி போட்டதும் “மரத்துப் போச்சா?” என்று நோயாளிகளைக் கேட்பது என் வேலை. கன்னத்தைத் தொட்டுப் பார்த்து, யாருடைய கன்னமோ போல இருக்கிறது என்பார்கள். எனக்கு உடம்பு முழுக்க அப்படி இருந்தது. துணியை மடித்து வைத்தேன், சமைத்தேன், மறுநாள் வேலைக்குப் போனேன்.

முன்கதவும் பின்கதவும் பூட்டியபடியே இருந்தன. வந்த போலீஸ்காரர் இரண்டையும் பார்த்துவிட்டுக் கேட்டார்: “எதுவும் உடையலையே. சாவி வேற யார்கிட்ட இருக்கு?”

நான் சொன்னேன். அவர் கேட்டது ஒரு கேள்வி, நான் சொன்னது உண்மை. அந்த உண்மையைச் சொன்ன வாயோடு, “ஆனா அவர் அப்படிப்பட்டவர் இல்லை” என்று இன்னும் ஒரு வரி சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

மகள் மாமா என்று கூப்பிடும் பக்கத்து வீட்டு அண்ணன் ரொட்டிக்கடையில் அடுப்பு வேலை செய்பவர். விடியுமுன் போய், காலையில் திரும்பி, பகலெல்லாம் தூங்குவார். அன்றும் தூங்கிக்கொண்டிருந்தாராம். தூக்கத்துக்கு யார் சாட்சி சொல்வது? தனி ஆள். ஒரு பகல் முழுவதும் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்த்திவைத்து அனுப்பினார்கள். மறுநாள் என் கணவர் போய், பூட்டு மாற்றப்போவதாகச் சொல்லிச் சாவியைத் திரும்பக் கேட்டார். அவர் ஆணியிலிருந்து எடுத்து, சட்டையில் துடைத்துக் கொடுத்தாராம்.

நாங்கள் பூட்டை மாற்றவில்லை. அந்தப் பணத்தையும் சேர்த்து அலாரம் வாங்குவதென்று முடிவு செய்தோம்.

அலாரக்கடைக்காரர் வாய் ஓயாதவர். “வயர் இல்லாத மாடல்னா சுவர்ல ஓட்டை விழாதும்மா. பர்ஸ்ல விழும். ஒவ்வொண்ணுக்கும் தனித்தனி பேட்டரி, மாத்திக்கிட்டே இருக்கணும். வயர் மாடல் விலை கம்மி. உழைப்பு என்னோடது, தூசி உங்களோடது.”

“எல்லா ஜன்னலுக்கும் போட முடியுமா?” என்று என் கணவர் கேட்டார்.

“எதுக்கு சார்? உங்க வீட்டுப் படத்தைப் போட்டுக் காட்டுங்க.” என் கணவர் ஒரு காகிதத்தில் வரைந்தார். கடைக்காரர் அதன் நடுவில் விரலை வைத்தார். “எந்த ஜன்னல் வழியா வந்தாலும் இந்தக் கூடத்தைத் தாண்டாம அலமாரிக்குப் போக முடியாது. ஆள் நடமாட்டம் பார்க்கிற சென்சார் இங்க ஒண்ணு. ரெண்டு கதவுக்கும் காந்தம். வெளிய ஒரு சைரன். நாலே நாலு வயர். உள்ள பேட்டரி இருக்கு, கரண்ட் போனாலும் கத்தும். மாசாமாசம் பணம் கட்டினா ஆபீஸ்ல ஒருத்தர் அலாரத்தைக் கவனிச்சுக்கிட்டு இருப்பார். அது வேணுமா?”

வேண்டாம் என்றோம். அதற்கு வசதி இல்லை.

“அப்ப இது சும்மா கத்தத்தான் செய்யும். கத்தினா யார் வருவாங்க? பக்கத்துல ஒருத்தர்கிட்ட சாவியும் அதை நிறுத்துற நம்பரும் இருக்கணும். இல்லைன்னா நீங்க வேலையிலிருந்து வர்ற வரைக்கும் தெருவே உங்களைத் திட்டும்.” ஒரு படிவத்தைத் தள்ளினார். அவசரத்துக்கு அழைக்க வேண்டியவர் பெயர் என்று ஒரு வரி இருந்தது. என் கணவர் பேனாவை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் மேசையைப் பார்த்தேன்.

“யோசிச்சு எழுதுங்க. ஊர்ல நல்லவங்களே இல்லாமலா போயிட்டாங்க?” என்று சொல்லி அவர் படிவத்தை எங்களிடமே கொடுத்துவிட்டார்.

சனிக்கிழமை பொருத்த வந்தார். மாடிப்படிக்கு அடியில் பெட்டி, கூடத்து மூலையில் சென்சார், சுவரின் அடி விளிம்போடு வயர். மதியத்துக்குள் எல்லாம் முடிந்தது. பெட்டியில் வயருக்கு ஒன்றாக நான்கு சின்ன விளக்குகள். கதவு மூடினால் அதற்குரிய விளக்கு அணைய வேண்டும். முன்கதவு விளக்கோடு சேர்த்து மூன்று அணைந்தன. பின்கதவு விளக்கு மட்டும் எரிந்துகொண்டே இருந்தது.

“கதவைச் சாத்துங்க சார்.”

“சாத்தித்தான் இருக்கு. பூட்டியும் இருக்கேன்.”

“சாத்தலைன்னு பெட்டி சொல்லுதே.”

“உங்க பெட்டிக்குக் கண்ணு சரியில்லை போல.”

“பெட்டியைக் குத்தம் சொல்லாதீங்க, அது புதுசு.” கடைக்காரர் வெளியே சுற்றிப் போனார். பின்கதவின் அந்தப் பக்கமிருந்து ஒரு கையால் தள்ளினார். பூட்டியிருந்த கதவு மெதுவாக எங்களை நோக்கித் திறந்தது.

பூட்டின் நாக்கு வெளியே நீட்டிக்கொண்டுதான் இருந்தது. மழையில் கதவு ஊதி, சட்டத்துக்குள் முழுசாகப் போய் உட்காரவில்லை. சாவி திரும்பும், சத்தம் கேட்கும், நாக்கு மட்டும் ஓட்டைக்குள் போகாமல் இந்தப் பக்கமே நிற்கும். இறுக்கத்தில் கதவு நின்றதை நாங்கள் பூட்டு என்று நினைத்திருக்கிறோம்.

“எத்தனை மாசமா இப்படி இருக்கோ. இதுக்குச் சாவியே தேவையில்லையே” என்றார் அவர். இழைப்புளியை எடுத்து விளிம்பைச் சீவ ஆரம்பித்தார்.

என் கணவர் சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். வாலு என் முகத்தையே பார்த்தாள். அவள் முதல் நாளே சொல்லியிருந்தாள், மாமா எடுத்திருக்க மாட்டார் என்று. சுருள்சுருளாகத் தரையில் விழுந்த மரச்சீவலை நான் பெருக்கினேன். அப்போதும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

கதவு சரியானது. நான்காவது விளக்கும் அணைந்தது. “ஒரு தடவை கத்த விட்டுப் பார்த்துடலாம். காதைப் பொத்திக்கங்க” என்றார் கடைக்காரர்.

சைரன் அலறியது. எதிர்வீட்டில் ஒரு திரை விலகி, மறுபடி மூடியது. நாய் ஒன்று குரைத்தது. நாயைப் பிடித்துக்கொண்டு நடந்த ஒருவர் நடையை வேகப்படுத்தினார். அவ்வளவுதான் தெரு.

பக்கத்து வீட்டுக் கதவு படாரென்று திறந்தது. அண்ணன் ஓடி வந்தார். சட்டையை உள்பக்கம் வெளியே தெரியப் போட்டிருந்தார், காலில் செருப்பில்லை, கண் இன்னும் பாதித் தூக்கத்தில் இருந்தது. கையில் தடியோ கம்போ எதுவும் இல்லை. எங்கள் கேட்டைத் திறந்து பாதி வழி வந்தபிறகுதான் ஏணியையும் கடைக்காரரையும் பார்த்தார்.

“சோதனையா?” என்றார்.

“ஆமாண்ணே” என்றேன்.

“குழந்தை உள்ள இருக்கா?”

“இருக்கா.”

“சரி தங்கச்சி.” கேட்டைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போய்விட்டார்.

மரத்த இடத்தில் உணர்ச்சி திரும்பும்போது முதலில் வருவது வலிதான். அதை நான் தினமும் நோயாளிகளுக்குச் சொல்லி அனுப்புகிறேன். குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். கடவுளிடம் எதுவும் கேட்கத் தோன்றவில்லை. வெறுங்காலோடு ஓடி வந்த ஒருவரை அவர் ஏற்கனவே அனுப்பியிருந்தார்.

திங்கட்கிழமை வேலைக்குப் போகுமுன் நாங்கள் இருவரும் ஸ்டேஷனுக்குப் போனோம். பூட்டு விழாமல் இருந்ததையும், அவர்மேல் எங்களுக்குச் சந்தேகமே கிடையாது என்பதையும் எழுதிக் கையெழுத்துப் போட்டோம். போலீஸ்காரர் காகிதத்தைக் கோப்பில் வைத்தார். படிவத்தின் காலி வரியில் என் கணவர் அண்ணனின் பெயரை எழுதினார். எழுதிவிட்டு, “அவர் வேண்டாம்னு சொன்னா?” என்றார்.

“சொன்னா பேரை அடிச்சுடலாம். கேக்கற உரிமைதான் நமக்கு இருக்கான்னு தெரியலை” என்றேன்.

மாலையில் அவர் நடக்கப் போகும் நேரம் எனக்குத் தெரியும். அவர் தெருமுனை திரும்பும்வரை காத்திருந்தேன். வாலு பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். ஒரு தாளில் எழுதினேன்:

“அண்ணே, எங்க பின்கதவு பூட்டே விழாம இருந்திருக்கு. ஸ்டேஷன்ல எழுதிக் கொடுத்துட்டோம். போலீஸ்கிட்ட உங்க பேரைச் சொன்னது நான்தான். மன்னிக்கணும். சாவியை வச்சுக்க இஷ்டமில்லைன்னா எங்க கேட்ல மாட்டிடுங்க, ஒண்ணும் கேக்க மாட்டோம்.”

அதன் கீழே அலாரத்தை நிறுத்தும் நான்கு எண்களையும் எழுதினேன். எங்கள் மூவரைத் தவிர யாருக்கும் தெரியாத எண்கள்.

தாளில் சாவியைச் சுற்றி அவர் வாசலுக்குப் போனேன். தெருவில் யாரும் இல்லை. உள்ளங்கையில் சாவி சில்லென்று இருந்தது. கடிதம் போடும் இடைவெளியின் மூடியைத் தூக்கி உள்ளே விட்டேன். அந்தப் பக்கம் அது தரையில் விழும் சத்தம் கேட்கும்வரை நின்றுவிட்டு, மூடியைக் கையால் பிடித்து மெல்ல இறக்கினேன்.