சாயும் கற்றை

“குறை, குறை, கரண்டைக் குறைச்சிடு” என்று கத்தியபடி ரவ்தா இயந்திரத்தின் சிறு ஜன்னலில் முகத்தை ஒட்டினாள்.

உள்ளே, கிண்ணத்தின் நடுவில் விழ வேண்டிய எலக்ட்ரான் கற்றை மறுபடியும் ஓரத்துக்கு வழுக்கியிருந்தது. பூச்சுப் பொடி ஆவியாகி மேலே சுழலும் லென்ஸ்களில் படிவதற்குப் பதில், கிண்ணத்தின் செம்பு விளிம்புதான் பொசுங்கிக்கொண்டிருந்தது.

ஸுஹைர் விசையை அணைத்தான். “போச்சுக்கா. இந்தத் தட்டு லென்ஸும் செம்பு படிஞ்சு வீணு.”

“இழையை மாத்தியாச்சு, சுருளை மாத்தியாச்சு. இனி மாத்துறதுக்கு நான்தான் பாக்கி.”

நடக்கப்போவதும் அதுதான். மதியத்துக்குள் அறுவை நுண்ணோக்கிக்கான லென்ஸ்கள் போகாவிட்டால் மருத்துவமனை ஆர்டர் ஸ்ஃபாக்ஸ் நகரத்துப் போட்டியாளருக்கு. ரவ்தா சொன்னாள் என்று வாங்கிய இயந்திரம் பழைய இரும்புக்கடைக்கு. ரவ்தா வீட்டுக்கு.

“அந்த ஸ்ஃபாக்ஸ்காரர் வந்து, ஆகா என்னா மெஷின்னு வாயப் பொளந்தாரே, அன்னிலேருந்துதான். கண்ணு பட்டிருச்சு” என்றான் ஸுஹைர்.

“கண்ணாம் கண்ணு.” காப்பியோடு வாசலில் நின்றார் முதலாளி மொன்ஸிஃப். “இது தொழிற்சாலையா, தர்காவாடா? எங்க அக்காவோட தோல் புத்துநோய்க்கும் ஆஸ்பத்திரில இதே கற்றைதான் வைத்தியம். அந்த மெஷினும் இந்த வாரம் ஆரம்பிச்சதுமே நின்னுடுதாம். அங்க எவன் கண்ணு பட்டுச்சு? வேலை தெரியாதவன் சொல்ற சாக்கு.”

ரவ்தா திருப்புளியை எடுத்துக்கொண்டு இயந்திரத்தின் வெற்றிடத் தொட்டிக்குப் பின்னால் போய்க் குனிந்தாள்.

திருப்புளி கையிலிருந்து வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு போய் ‘டக்’கென ஒட்டியது.

தொட்டி முழுக்கத் துருப்பிடிக்காத எஃகு. அதில் எதுவும் ஒட்டாது. ஒயர்க் கட்டை விலக்கினாள். ஒயரைத் தாங்கும் இரும்புச் சட்டத்திலிருந்து உள்ளங்கையளவு பித்தளை மீன் ஒன்று நீலக் கண்ணால் அவளைப் பார்த்தது. கண் படாமலிருக்க மாட்டும் திருஷ்டி மீன். முதுகில் பழைய ஸ்பீக்கர் காந்தம்.

பலங்கொண்ட மட்டும் இழுத்துப் பெயர்த்து, அறைக்கோடிக்கு வீசினாள். “போடு ஸுஹைர்.”

கற்றை கிண்ணத்தின் நடுவில் ஆணியடித்தாற்போல் நின்றது. பொடி வெள்ளையாய்த் தகதகத்தது. நல்ல லென்ஸ்களை ஏற்றினால் மதியத்துக்குள் முடிந்துவிடும்.

“காந்தம் பக்கத்துல இருந்தா கற்றை சாயும்னு தெரியாதாடா உனக்கு?”

“என் புள்ளை மேல சத்தியமா நான் மாட்டலைக்கா.”

மொன்ஸிஃப் காப்பியைக் கீழே வைத்தார். “அவனைத் திட்டாதம்மா. அந்தாளு புகழ்ந்ததும் கண்ணு பட்டுடும்னு எனக்குப் பயமாயிடுச்சு. பசை போட்டா நிக்கலை, அதான் காந்தம்.”

இத்தனை நாள் வாங்கிக் கட்டிக்கொண்டதையெல்லாம் திருப்பிக் கொடுக்க ரவ்தா வாயெடுத்தாள். அதற்குள் அவர் அவசரமாகப் போனில் எண்ணைத் தேடிக்கொண்டிருந்தார்.

“யாருக்கு? ஆஸ்பத்திரிக்கா? லென்ஸ் வந்துடும்னு தாராளமா சொல்லுங்க.”

அவர் போனைக் காதில் வைத்தார்.

“மீனை ஜோடியாத்தாம்மா வாங்கினேன். இன்னொண்ணு, அக்காவுக்கு வைத்தியம் பண்ற மெஷினுக்குப் பின்னால இருக்கு.”